சோடியம் அயனி பேட்டரிக்கு நானோ கட்டமைப்புள்ள கார்பன் அனோடு: மூலப்பொருளிலிருந்து முழு செல் வரை

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் சூப்பர் கெபாசிட்டர் ஆய்விலிருந்து வருகிறார்கள், மீதிப் பேர் லித்தியம் பேட்டரி ஆய்விலிருந்து வருகிறார்கள். இரண்டு பழக்கமும் இங்கே காலை வாரும். முதல் கூட்டம் மேற்பரப்பை எவ்வளவு பெருக்கலாம் என்று பார்க்கும். இரண்டாவது கூட்டம் கிராஃபைட்டை எடுத்து வைத்துக்கொண்டு சோடியம் ஏன் ஏறவில்லை என்று தேடும்.

இங்கே நமக்கு வேண்டியது, அதாவது சோடியம் அயனி பேட்டரியின் அனோடுக்கு (ஏற்றும்போது சோடியத்தை உள்வாங்கும் எலக்ட்ரோடுக்கு) வேண்டியது, வேறு. நானோ அளவுத் துளைகள் துகளுக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே மின்பகுளி (அயனிகளைக் கடத்தும் திரவம்) நுழைய வழியில்லாமல் மூடியும் இருக்க வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசை முழுவதும் இந்த ஒரு தேவையை வைத்து அமைந்ததுதான். வரிசையை மாற்றினால் அதே பொருள்கள், அதே உலை, அதே ஆள் இருந்தும் வேறு கார்பன் கிடைக்கும்.

## 1. உலையைத் தொடும் முன் இலக்கு எண்களை எழுதி வையுங்கள்

கிராஃபைட்டில் அடுக்குகளுக்கு இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளி. சாதாரண கார்பனேட் மின்பகுளியில் சோடியம் அதற்குள் பேட்டரிக்கு உதவும் அளவு ஏறாது. இடைவெளி குறுகியது என்பது காரணத்தின் ஒரு பகுதிதான். சோடியமும் கிராஃபைட்டும் சேர்ந்த கூட்டமைப்புகள் ஆற்றல் கணக்கில் நிலையற்றவை என்பது மறுபகுதி. எனவே நாம் செய்யப்போவது ஹார்ட் கார்பன்: ஒழுங்கற்ற, சுருண்ட அடுக்குகள், 0.37 முதல் 0.40 நானோமீட்டர் வரை இடைவெளி, நடுவே நானோ துளைகள்.

சோடியம் ஏறும்போது மின்னழுத்த வரைகோட்டில் இரண்டு பகுதிகள் தெரியும். சோடியம் உலோகத்துக்கு எதிராக ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்கு மேலே சரிவுப் பகுதி, அதற்குக் கீழே சமதளப் பகுதி. சரிவு பெரும்பாலும் குறைபாடுகளிலும் விளிம்புகளிலும் விரிந்த அடுக்குகளிலும் சோடியம் ஒட்டுவதால் வருகிறது. சமதளத்தில் பெரும்பங்கு மூடிய நானோ துளைகள் நிரம்புவதால் வருகிறது. முழு செல்லின் மின்னழுத்தத்தை உயர்த்துவது சமதளம் என்பதால் அதை வளர்ப்பதே நம் வேலை.

நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டிய இலக்குகள்: கிராமுக்கு 300 மில்லி ஆம்பியர் மணி (இனி மி.ஆ.ம.) மீள் கொள்ளளவு (ஏற்றி மறுபடி இறக்கக் கூடியது), 85 விழுக்காட்டுக்கு மேல் முதல் சுற்றுத் திறன் (முதல் சுற்றில் ஏறிய சோடியத்தில் திரும்பி இறங்கும் பங்கு), கிராமுக்கு 10 சதுர மீட்டருக்குக் குறைவான பிஇடி பரப்பளவு (வாயு உறிஞ்சலால் அளக்கும் மேற்பரப்பு), சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பூச்சு. நான்கும் ஒரே எலக்ட்ரோடில் சேர்ந்து வர வேண்டும். ஒன்றை மட்டும் காட்டும் கார்பன்கள் ஏராளம்.

## 2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

உலையின் குழாய் எதனால் ஆனது என்பதுதான் முதல் கேள்வி. குவார்ட்ஸ் குழாய் ஏறக்குறைய 1100 °செ வரைதான் தாங்கும். நமக்கு 1300, 1500 °செ வேண்டும், ஆகவே அலுமினா குழாய் தேவை. இதைக் கவனிக்காமல் 1000 °செ-யில் நின்றுபோன திட்டங்கள் உண்டு. அவர்கள் பிறகு மூலப்பொருளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். குறை மூலப்பொருளில் இருக்காது.

அலுமினா படகு, உயர்தூய ஆர்கான், வெற்றிடப் பம்ப், வெளியேறும் வாயுவுக்கு ஒரு குமிழிக் குடுவை, அந்தக் குடுவைக்கும் குழாய்க்கும் இடையே ஒரு வெற்றுக் குடுவை. இந்த வெற்றுக் குடுவை இல்லாவிட்டால், உலை குளிரும்போது அழுத்தம் குறைந்து எண்ணெயோ நீரோ சூடான குழாய்க்குள் இழுக்கப்படும்.

0.01 மில்லிகிராம் துல்லியமுள்ள தராசு வேண்டும். ஏன் என்பது 9-ஆம் பகுதியில் வரும். ஆர்கான் நிரப்பிய க்ளவ் பாக்ஸில் நீரும் ஆக்சிஜனும் 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) கீழே இருக்க வேண்டும். மின்பகுளியின் ஈரத்தை அளக்க கார்ல் ஃபிஷர் கருவி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று: தேவையான அளவைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். பிஇடி, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர் விளிம்புவளைவு), ஸ்லரி (தகட்டில் பூசும் கூழ்) எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மாதிரியிலும் 2 கிராமாவது வேண்டும். சர்க்கரையிலிருந்து தொடங்கினால் கடைசியில் கிடைப்பது எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவு. மூன்று வெப்பநிலைகளை ஒப்பிட 40 கிராம் சர்க்கரையாவது ஒரே தொகுதியாக எடுக்க வேண்டியிருக்கும்.

## 3. மூலப்பொருள்: முதல் சுற்றுக்குத் தூய சர்க்கரை

தேங்காய் ஓடு, வாழை நார், மரத்தூள் என்று கழிவிலிருந்து தொடங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் சுற்றில் வேண்டாம். தாவரப் பொருளில் பொட்டாசியம், கால்சியம், சிலிக்கா ஆகியவை இருக்கும், அதுவும் தொகுதிக்குத் தொகுதி மாறும். முடிவு சரியில்லை என்றால் சாம்பலா, வெப்பநிலையா, செல்லைக் கட்டிய விதமா என்று பிரிக்க முடியாது.

சுக்ரோஸ் அல்லது குளுக்கோஸ் எடுங்கள். சாம்பல் கிட்டத்தட்ட இல்லை, எங்கே வாங்கினாலும் ஒரே பொருள். உங்கள் உலையும் கையும் சர்க்கரையில் 280 மி.ஆ.ம. தாண்டிய பிறகு தாவரக் கழிவுக்குப் போகலாம். ஃபீனாலிக் ரெசின் இன்னொரு நல்ல தொடக்கம். விளைச்சல் அதிகம், ஆனால் கரைப்பானையும் வாடையையும் சமாளிக்க வேண்டும்.

தார்ப் பிசின் விலை குறைவு என்று அதில் தொடங்குபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அது சூட்டில் உருகும், உருகிய நிலையில் அடுக்குகள் ஒழுங்காக வரிசைப்பட்டு சாஃப்ட் கார்பன் (சூட்டில் கிராஃபைட்டாக மாறக்கூடியது) ஆகிவிடும். காற்றில் 250 முதல் 300 °செ வரை முன் ஆக்சிஜனேற்றம் செய்து குறுக்குப் பிணைப்பு உண்டாக்கிய பிறகே அது ஹார்ட் கார்பன் பக்கம் வரும்.

## 4. நீர்வெப்ப முறையில் கருமணிகள்

சுக்ரோஸை லிட்டருக்கு 1 மோல் செறிவில், அதாவது லிட்டருக்கு 342 கிராம், அயனி நீக்கிய நீரில் கரையுங்கள். டெஃப்லான் உறையுள்ள ஆட்டோகிளேவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நீர் விரிவடையும், வாயுவும் உண்டாகும், அழுத்தத்துக்கு இடம் வேண்டும். 190 °செ-யில் 12 மணி நேரம் வைக்கலாம். டெஃப்லான் உறையை 220 °செ-க்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

முழுவதும் தானாகக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். அவசரப்பட்டு நீரில் முக்கிக் குளிர்விப்பது உறையை நெளிய வைக்கும், அடுத்த முறை கசியும்.

கிடைக்கும் பழுப்புப் பொடியை நீரிலும் எத்தனாலிலும், வடிநீர் நிறமின்றி வரும் வரை கழுவுங்கள். ஒட்டிய சிறு மூலக்கூறுகள் மிஞ்சினால் உலையில் தாராக மாறி உருண்டைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். பிறகு 100 °செ-யில் ஓரிரவு உலர்த்துங்கள்.

இந்தப் படியின் பயன் வடிவம்தான். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள வழவழப்பான உருண்டைகளுக்கு வெளிப்பரப்பு குறைவு, பின்னால் அரைக்கவும் வேண்டியதில்லை. ஆட்டோகிளேவ் இல்லையென்றால் சர்க்கரையைப் பெரிய குரூசிபிளில் 180 °செ-யில் நீர் நீக்கலாம். அது பொங்கி நுரைத்து எழும் என்பதால் பாத்திரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கிடைக்கும் கட்டியை அரைக்க வேண்டும், எப்போது அரைப்பது என்பதை அடுத்த பகுதியில் பாருங்கள்.

## 5. முன் கார்பனாக்கம், அரைத்தல், கழுவல்: இந்த மூன்றும் இந்த வரிசையில்

நேராக 1300 °செ-க்குப் போகாதீர்கள். முதலில் ஆர்கானில் 600 °செ வரை, நிமிடத்துக்கு 2 °செ வேகத்தில் ஏற்றி 2 மணி நேரம் நிறுத்துங்கள். தார், நீராவி, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் வெளியேறும். வேகமாக ஏற்றினால் வாயு துகளைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்த வழிகள் திறந்த துளைகளாக நிற்கும், பின்னால் முழுதாக மூடாது. வெளியேறும் வாயு நச்சு என்பதால் குமிழிக் குடுவையின் வாய் ஃப்யூம் ஹுட்டுக்குள் (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்குள்) இருக்க வேண்டும். தாருக்குத் தனிக் குழாய் வைத்துக்கொண்டால் உயர்வெப்பக் குழாய் சுத்தமாக இருக்கும்.

அரைப்பது இப்போதுதான். இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றப் படிகளைவிட இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். உயர்வெப்பத்துக்குப் பிறகு பந்து ஆலையில் அரைத்தால், நாள் முழுக்கச் சூடாக்கி மூடிய துளைகளை உடைத்துத் திறக்கிறீர்கள் என்று பொருள். புதிதாக உடைந்த பரப்பு காற்றில் ஆக்சிஜனைப் பிடிக்கும், முதல் சுற்றுத் திறன் விழும். 600 °செ கார்பனை அரைத்து, 400 மெஷ் சல்லடையில் சலித்து, பிறகு உயர்வெப்பத்துக்கு அனுப்பினால் அரைத்ததால் வந்த புண்கள் அங்கே ஆறிவிடும். கடைசியில் துகள் லேசாக ஒட்டியிருந்தால் அகேட் உரலில் மெதுவாக உதிர்த்தால் போதும்.

தாவரக் கழிவில் தொடங்கியவர்கள் கழுவ வேண்டிய இடமும் இதுதான். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 °செ-யில் சில மணி நேரம் கலக்கி, வடிநீர் நடுநிலைக்கு வரும் வரை கழுவுங்கள். வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுக் குளோரைடு போய்விட்டதா என்று பாருங்கள். சிலிக்கா இந்த அமிலத்தில் கரையாது, சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் அதைக் கரைக்கும். அப்படிச் செய்தால் அதன் பிறகு மறுபடி அமிலக் கழுவல் வேண்டும், இல்லையேல் எஞ்சிய காரம் உலையில் கார்பனை அரித்துத் துளையிடும். கழுவாமல் விட்டாலும் இதே கதைதான்: பொட்டாசியம் துளைகளைத் திறக்கும், அதன் ஆவி உலைக் குழாயையும் தின்னும்.

## 6. உயர்வெப்பக் கார்பனாக்கம்

மூன்று வெப்பநிலை போதும்: 1100, 1300, 1500 °செ. மூன்றுக்கும் ஒரே தொகுதி 600 °செ பொடி. மற்ற எதையும் மாற்றாதீர்கள்.

படகைக் குழாயின் நடுவில் வையுங்கள். சீரான வெப்பம் குழாயின் நடுப்பகுதியில் மட்டும்தான் இருக்கும். பல உலைகளில் தெர்மோகப்புள் குழாய்க்கு வெளியே இருப்பதால், திரையில் தெரியும் எண் பொடியின் வெப்பநிலை அல்ல. ஒரு முறையாவது உள்ளே இன்னொரு தெர்மோகப்புளை விட்டு வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். உங்கள் 1300 இன்னொருவரின் 1250 ஆக இருக்கலாம். வெளியான முடிவோடு ஒத்துவரவில்லை என்ற புலம்பல்களில் கணிசமானவை இங்கே முடிந்துவிடும்.

மூடியதும் வெற்றிடம், ஆர்கான் என மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிறகு சிறிய, தொடர்ந்த ஓட்டம். 1300 °செ-யில் சிறிதளவு ஆக்சிஜனும் கார்பனை எரிக்கும், அதுவும் மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு எரிக்கும். படகில் எடுத்த எடையைக் கட்டாயம் குறித்துவையுங்கள். விளைச்சல் வழக்கத்தைவிடக் குறைந்து பிஇடி ஏறியிருந்தால் குழாயில் கசிவு உண்டு, வேறு விளக்கம் தேட வேண்டாம்.

நிமிடத்துக்கு 5 °செ-யில் 1000 வரை, அதன் பிறகு 2 அல்லது 3 °செ-யில் ஏற்றி, உச்சத்தில் 2 மணி நேரம். குளிர்விக்கும்போதும் நிமிடத்துக்கு 5 °செ-யைத் தாண்டாதீர்கள். அலுமினா குழாய் திடீர் மாற்றத்தில் விரிசல் விடும். 100 °செ-க்குக் கீழே வந்த பிறகே திறங்கள், சூடான கார்பன் காற்றைக் கண்டதும் ஆக்சிஜனை மேலே ஒட்டிக்கொள்ளும்.

வெப்பநிலை ஏற ஏற நடப்பது இது: அடுக்கு இடைவெளி குறையும், குறைபாடுகள் குறையும், திறந்த துளைகள் மூடும், சரிவுப் பகுதி சுருங்கிச் சமதளம் நீளும். ஆனால் ஓர் எல்லை உண்டு. அடுக்குகள் நெருங்கி நீண்டு கிராஃபைட் சாயல் வரத் தொடங்கினால் மொத்தக் கொள்ளளவு இறங்கும். சர்க்கரைக் கார்பனுக்கு 1300 முதல் 1500 °செ வரை எங்கோ உச்சம் இருக்கும். அது எங்கே என்பதைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று புள்ளிகள்.

## 7. துளைகளை உள்ளே உண்டாக்கி வெளியே அடைப்பது

அடிப்படைக் கார்பன் கையில் வந்த பிறகே இந்தப் பகுதி. இதில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒப்பிட எதுவும் இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு வழி வார்ப்பு முறை. மெக்னீசியம் குளுக்கோனேட்டையும் குளுக்கோஸையும் கலந்து 600 °செ-யில் சூடாக்கினால் கார்பனுக்குள் நானோ அளவு மெக்னீசியம் ஆக்சைடு துகள்கள் பதியும். அவற்றை அமிலத்தில் கரைத்தெடுத்து, பிறகு 1500 °செ-க்குக் கொண்டுபோனால் காலியான துளைகளின் வாய் மூடிக்கொள்ளும். இந்த முறையில் கிராமுக்கு 478 மி.ஆ.ம. வரை 2021-இல் வெளியாகியிருக்கிறது. அமிலக் கழுவல் உயர்வெப்பத்துக்கு முன்னே வருவதைக் கவனியுங்கள். பின்னால் கழுவினால் துளைகள் திறந்தே நிற்கும், நல்ல சூப்பர் கெபாசிட்டர் கார்பன் கிடைக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, துளையுள்ள கார்பனின் மேல் மெல்லிய கார்பன் பூச்சு. மீத்தேன் போன்ற வாயுவை 900 முதல் 1000 °செ வரை செலுத்தினால் அது சிதைந்து வாயில் படியும். மீத்தேன் எரிவாயு என்பதால் கசிவு சோதனையும் உணரியும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். தார்ப் பிசினைக் கரைத்துப் பூசிச் சூடாக்குவது எளிய மாற்று.

நைட்ரஜன், கந்தகம் சேர்ப்பது பற்றி என் கருத்து: கொள்ளளவு எண்ணைப் பெரிதாக்கும், ஆனால் கூடுவது பெரும்பாலும் சரிவுப் பகுதி. சோடியம் இறங்கும் சராசரி மின்னழுத்தம் உயரும், முதல் சுற்றுத் திறனும் குறையும். கட்டுரைக்கு உதவும் அளவுக்கு முழு செல்லுக்கு உதவாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொண்டு செயலூட்டி (அரித்துத் துளைகளைப் பெருக்கி), அதன் பிறகு உயர்வெப்பத்துக்குக் கொண்டுபோகாமல் அப்படியே செல்லில் போடுவதை முற்றாக விட்டுவிடலாம்.

## 8. செல் கட்டும் முன் பார்க்க வேண்டிய அளவீடுகள்

எக்ஸ்ஆர்டியில் தாமிர கே-ஆல்ஃபா கதிருக்கு 002 முகடு (அடுக்கு இடைவெளியைக் காட்டுவது) அகலமாக, 22 முதல் 24 டிகிரிக்குள் விழ வேண்டும். 24 டிகிரி என்றால் இடைவெளி 0.370 நானோமீட்டர், 23.4 என்றால் 0.380. கார்பன் எடை குறைந்த தனிமம் என்பதால் கதிர் ஆழமாகப் போகும், தடித்த மாதிரி முகட்டை இடம் நகர்த்தும். மெல்லிசாகப் பரப்புங்கள், சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சிலிக்கன் பொடி கலந்து அதன் 28.44 டிகிரி முகட்டை வைத்துத் திருத்துங்கள். 26.5 டிகிரியில் கூர்மையான முகடு எழுந்தால் எங்கோ கிராஃபைட் உண்டாகியிருக்கிறது. பெரும்பாலும் இரும்பு போன்ற அசுத்தத்தின் வேலை.

ராமன் நிறமாலையில் செ.மீ⁻¹ அலகில் 1350-க்கும் 1590-க்கும் அருகே இரண்டு முகடுகள் வரும். அவற்றின் விகிதம் லேசரின் அலைநீளத்துக்கும் பொருத்தும் முறைக்கும் ஏற்ப மாறும் என்பதால் உங்கள் மாதிரிகளுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

நைட்ரஜன் பிஇடி இங்கே தலைகீழாகப் படிக்க வேண்டிய எண். குறைந்தால் மகிழ்ச்சி. ஆனால் அது திறந்த துளைகளை மட்டுமே காணும், அதிலும் மிகக் குறுகிய துளைகளை 77 கெல்வினில் நைட்ரஜனால் எட்ட முடியாது. 273 கெல்வினில் கரியமில வாயு உறிஞ்சலும் சேர்த்துப் பாருங்கள். நைட்ரஜனில் 3 சதுர மீட்டர், கரியமில வாயுவில் நூற்றுக்கணக்கில் என்றால், குறுகிய வாய்கள் இன்னும் மூடவில்லை.

மூடிய துளைகளைக் காண ஹீலியம் அடர்த்தி எளிய வழி. கிராஃபைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.26 கிராம். உங்கள் கார்பன் 1.6 காட்டினால் ஹீலியமே நுழையாத இடம் உள்ளே நிறைய இருக்கிறது. சிறுகோண எக்ஸ்கதிர்ச் சிதறல் வசதி இருந்தால் துளையின் அளவும் தெரியும்.

## 9. எலக்ட்ரோடு

95 பங்கு கார்பன், 5 பங்கு சிஎம்சி (கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், பொடியைத் தகட்டோடு ஒட்டவைக்கும் பைண்டர்), நீரில். கடத்தும் கார்பன் கருப்பு பல நேரம் தேவையே இல்லை. 1300 °செ தாண்டிய ஹார்ட் கார்பன் தானே கடத்தும். கருப்பின் பரப்பளவு பெரியது, 10 விழுக்காடு போட்டால் அதுவே முதல் சுற்றில் சோடியத்தை விழுங்கி உங்கள் கார்பனின் பெயரைக் கெடுக்கும். கடத்துத்திறன் குறைந்த கார்பனுக்கு 1 அல்லது 2 விழுக்காடு போதும். பிவிடிஎஃப் பைண்டரைவிட சிஎம்சி, சோடியம் ஆல்ஜினேட் இரண்டும் முதல் சுற்றில் நல்ல எண் தரும். நச்சான என்எம்பி கரைப்பானும் தேவையில்லாமல் போகும்.

சிஎம்சியை 2 விழுக்காட்டுக் கரைசலாக முந்தைய நாளே கரைத்து வையுங்கள். அன்றன்று கரைத்தால் கட்டி நிற்கும், பூச்சில் கோடு விழும்.

அலுமினியத் தகட்டிலேயே பூசலாம். லித்தியம் அலுமினியத்தோடு கலப்புலோகம் ஆகும், சோடியம் ஆகாது. பூச்சைக் காற்றில் உலர்த்தி, 12 மில்லிமீட்டர் வட்டுகளாக வெட்டி, 120 °செ வெற்றிடத்தில் ஓரிரவு வைத்து, வெளிக்காற்று படாமல் க்ளவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள். சிஎம்சி ஈரத்தை விடாப்பிடியாகப் பிடித்து வைக்கும்.

இப்போது தராசு. 12 மில்லிமீட்டர் வட்டின் பரப்பு 1.13 சதுர சென்டிமீட்டர். 2.5 மில்லிகிராம் பூச்சு என்றால் வட்டில் மொத்தம் 2.8 மில்லிகிராம்தான். 16 மைக்ரோமீட்டர் அலுமினிய வட்டு மட்டும் ஏறக்குறைய 4.9 மில்லிகிராம். தகட்டின் எடையில் 0.1 மில்லிகிராம் பிசகினால் கொள்ளளவில் 3.5 விழுக்காடு பிசகும், அதாவது 300 என்பது 310 ஆகிவிடும். அதே தகட்டிலிருந்து பூசாத வட்டுகள் பத்தையாவது நிறுத்துச் சராசரி எடுங்கள்.

## 10. காயின் செல் கட்டுதல்

எதிர் எலக்ட்ரோடாகப் போகும் சோடியம் உலோகம் மென்மையானது. கத்தியால் மேலோட்டை எல்லாப் பக்கமும் சீவி, பளபளக்கும் உட்பகுதியை மட்டும் பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையே உருட்டித் தட்டையாக்குங்கள். மங்கிய சோடியத்தோடு கட்டிய செல் நாள்பட்ட நோயாளி மாதிரி, எந்தச் சோதனையிலும் தெளிவான பதில் தராது. எண்ணெயில் வைத்த கட்டியாக இருந்தால் உலர்ந்த ஹெக்ஸேனில் எண்ணெயைக் கழுவிய பிறகு சீவுங்கள்.

மின்பகுளிக்கு முதல் தேர்வு டைகிளைம் என்ற ஈதர் கரைப்பானில் 1 மோலார் சோடியம் ஹெக்ஸாஃபுளோரோபாஸ்பேட். மேற்படலம் மெல்லியதாக அமையும், முதல் சுற்றுத் திறன் நன்றாக வரும். உயர்மின்னழுத்தக் கேத்தோடோடு (முழு செல்லில் அனோடுக்கு எதிரே நின்று சோடியம் தரும் எலக்ட்ரோடு) போக வேண்டுமென்றால் அது தாங்காது. எத்திலீன் கார்பனேட், டைஎத்தில் கார்பனேட் கலவைக்கு மாறுங்கள். இரண்டிலும் ஈரம் 20 பிபிஎம்முக்குக் கீழே இருக்க வேண்டும், ஈரம் பட்டால் இந்த உப்பு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் விடும். சோடியம் பெர்க்ளோரேட்டும் பயன்படுகிறது, ஆனால் உலர்ந்த நிலையில் வெடிக்கக்கூடிய ஆக்சிஜனேற்றி என்பதால் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

செபரேட்டராக (இரண்டு எலக்ட்ரோடுகளும் தொடாமல் பிரிக்கும் தாளாக) கண்ணாடி இழை. சாதாரண பாலிபுரோப்பிலீன் படலம் கார்பனேட் மின்பகுளியில் சரியாக நனையாது. எவ்வளவு மின்பகுளி விட்டீர்கள் என்பதைப் பிப்பெட்டில் அளந்து, எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவாக, 100 முதல் 150 மைக்ரோலிட்டருக்குள் வையுங்கள்.

சோடியத் துணுக்குகளை நீர்த்தொட்டியில் போடாதீர்கள். ஹுட்டுக்குள், ஆர்கான் ஓட்டத்தில், ஐசோபுரோப்பனாலில் சிறிது சிறிதாகப் போட்டு முழுதும் கரைந்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

ஒரு மாதிரிக்கு மூன்று செல்லாவது கட்டுங்கள். ஒரு செல்லில் கிடைத்த எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

## 11. சோதனை நிரல்

கட்டியதும் 8 மணி நேரம் ஓய்வு. இந்த நிலையில் செல் 2 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் உள்ளே ஷார்ட், பிரித்துவிடுங்கள்.

முதல் சுற்றுகளுக்கு கிராமுக்கு 30 மில்லி ஆம்பியர். 2.8 மில்லிகிராம் பூச்சில் கார்பன் 2.66 மில்லிகிராம், எனவே மின்னோட்டம் 0.08 மில்லி ஆம்பியர். பைண்டரையும் சேர்த்துக் கணக்கிடுவது, அல்லது தகட்டின் எடையைக் கழிக்க மறப்பது, இரண்டும் அடிக்கடி நடக்கும். மின்னழுத்த எல்லை 2.0 முதல் 0.005 வோல்ட் வரை.

கீழ் எல்லையில்தான் விஷயம் இருக்கிறது. சமதளம் பூஜ்யத்துக்கு மிக அருகே கிடப்பதால், எதிரே இருக்கும் சோடியம் உலோகத்தில் சில பத்து மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தம் வந்தாலும் சமதளம் பாதியில் வெட்டுப்படும். வேகமான மின்னோட்டத்தில் கொள்ளளவு சரிந்துவிட்டது என்று நாம் எழுதுவது பல நேரம் சோடியத்தின் குறை, கார்பனின் குறை அல்ல. வேகத் திறனைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை அளக்கத் தனி ஒப்பீட்டு எலக்ட்ரோடு உள்ள மூன்று எலக்ட்ரோடு செல் கட்டுங்கள். முடியாவிட்டால் ஏற்றத்தை மெதுவாகச் செய்து, 0.005 வோல்ட்டில் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகக் குறையும் வரை நிறுத்தி, இறக்கத்தை மட்டும் வேகமாக்கிப் பாருங்கள்.

முதல் சுற்றுத் திறன் என்பது இறங்கிய சோடியத்தை ஏறிய சோடியத்தால் வகுத்தது. 353 ஏறி 300 இறங்கினால் 85 விழுக்காடு. 0.1 வோல்ட்டுக்கு மேலும் கீழும் பிரித்து இரண்டு எண்களையும் தனித்தனியே எழுதுங்கள். மொத்தத்தைவிட இந்தப் பிரிப்புதான் அடுத்து என்ன மாற்ற வேண்டும் என்று சொல்லும்.

## 12. வரைகோட்டைப் பார்த்துக் கோளாறு கண்டறிதல்

சரிவு நீளம், சமதளம் இல்லை. வெப்பநிலை போதவில்லை, அல்லது துளைகள் திறந்திருக்கின்றன. பிஇடி சிறியதாக இருந்தால் முதலாவது, பெரியதாக இருந்தால் இரண்டாவது.

சமதளம் நன்று, மொத்தம் குறைவு. இடைவெளியைப் பாருங்கள். 0.36-க்குக் கீழே போயிருந்தால் வெப்பநிலையை 100 °செ இறக்குங்கள்.

முதல் சுற்றுத் திறன் 70-க்குக் கீழே. வரிசையாகக் கேளுங்கள்: கடைசியில் அரைத்தீர்களா, கார்பன் கருப்பு எவ்வளவு, எலக்ட்ரோடு உலர்ந்ததா, மின்பகுளி ஈரமா. நான்கும் சரியென்றால் மட்டும் கார்பனைக் குறை சொல்லலாம்.

ஏற்றத்தின் முடிவில் சிறு பள்ளம், இறக்கத்தின் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டிய தட்டைக் கோடு. கார்பனுக்குள் ஏறாமல் மேலே சோடியம் உலோகமாகப் படிகிறது. கீழ் எல்லை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். அந்தக் கொள்ளளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 400 தாண்டிய எண் கண்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இறக்கத்தில் மின்னழுத்தம் நடுங்கி, மேல் எல்லையைத் தொடாமல் ஓடிக்கொண்டே இருத்தல். சோடியம் கிளைத்து செபரேட்டரைத் துளைத்திருக்கிறது. செல்லைக் கைவிடுங்கள், தரவையும்.

## 13. முழு செல்

அரை செல்லில் (இதுவரை கட்டிய, எதிரே சோடியம் உலோகம் உள்ள செல்லில்) சோடியம் அளவில்லாமல் கிடக்கும், எனவே முதல் சுற்று இழப்பு வலிக்காது. முழு செல்லில் சோடியம் கேத்தோடிலிருந்து மட்டுமே வரும். கணக்கு இப்படி.

அனோடில் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிகிராம் கார்பன், கிராமுக்கு 300 மி.ஆ.ம. என்றால் 0.75 மி.ஆ.ம. அனோடு கேத்தோடைவிடப் பத்து விழுக்காடு பெரிதாக இருக்க வேண்டும், இல்லையேல் மேலே உலோகம் படியும். எனவே கேத்தோடு 0.68 மி.ஆ.ம. சோடியம் வனேடியம் பாஸ்பேட் போன்ற, கிராமுக்கு நடைமுறையில் 110 மி.ஆ.ம. தரும் பொருள் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 6.2 மில்லிகிராம்.

85 விழுக்காடு திறனுள்ள கார்பன் முதல் சுற்றில் கிராமுக்கு 53 மி.ஆ.ம. விழுங்கும். சதுர சென்டிமீட்டருக்கு 0.13. கேத்தோடு கொடுத்த 0.68-இல் மீதி 0.55 மட்டுமே இனி சுழலும், ஐந்தில் ஒரு பங்கு முதல் நாளே போயிற்று. அதே கார்பன் 92 விழுக்காடு காட்டினால் மீதி ஏறக்குறைய 0.61. கொள்ளளவில் 20 மி.ஆ.ம. கூட்டுவதைவிட இந்த ஏழு விழுக்காடு முழு செல்லுக்கு அதிகம் தரும் என்பதால், வெப்பநிலைத் தொடரில் இரண்டு மாதிரிகள் நெருங்கி நின்றால் முதல் சுற்றுத் திறன் கூடியதை எடுங்கள்.

இழப்பை ஈடுகட்ட அனோடை முன்கூட்டியே சோடியத்தால் நிரப்பலாம். ஆய்வகத்தில் எளிய வழி, அரை செல்லில் இரண்டு மூன்று சுற்று ஓட்டி, 2 வோல்ட் வரை இறக்கிய நிலையில் க்ளவ் பாக்ஸுக்குள் பிரித்து எடுத்து முழு செல்லில் வைப்பது. சோடியம் ஏறிய நிலையில் பிரித்த அனோடு காற்றில் எரியக்கூடும், அதை ஒருபோதும் வெளியே எடுக்காதீர்கள். இப்படிக் கட்டிய செல்லின் முடிவை எழுதும்போது, அனோடு முன்சுற்று கண்டது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படிச் செய்யாத சாதாரண செல் ஒன்றையும் கூடவே ஓட்டி இரண்டு வரைகோடுகளையும் ஒரே படத்தில் போடுங்கள்.